உறையைப் படித்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்: வட்டார சைக்கடெலிக் தொகுப்புகள் குறித்து ஒரு பதில்

திருமங்கலத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இது: 1960-களிலும் 70-களிலும் உலகின் பல மூலைகளில் பதிவான சைக்கடெலிக், அதாவது மனத்தை மயக்கும் ஒலிகள் கொண்ட, ராக், பாப் பாடல்களை வட்டாரம் வட்டாரமாகத் திரட்டித் தரும் தொகுப்பு ஆல்பங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, அவற்றில் எதிலிருந்து தொடங்குவது, எதை நம்புவது? உசிலம்பட்டியில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுவந்த தம் தாத்தா இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளை விட்டுச்சென்றிருக்கிறார். அவற்றைக் கொண்டு நம் பகுதிக்கும் அப்படி ஒரு தொகுப்பை உருவாக்க இயலுமா?

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முதன்மையானதாகப் படுகிறது. எதை நம்புவது என்று தெரிந்துவிட்டால் எதில் தொடங்குவது என்பதும், பெட்டிகளை என்ன செய்வது என்பதும் அதன் பின்னாலேயே வந்துவிடும். ஒரு தொகுப்பின் தரத்தை நான் அதில் உள்ள பாடல்களை வைத்து மட்டும் அளப்பதில்லை. பாடியவர் யார், வாசித்தவர்கள் யார், எந்த ஊரில் எந்த ஆண்டில் பதிவானது, எந்தத் தட்டிலிருந்து அல்லது எந்த மூல நாடாவிலிருந்து எடுக்கப்பட்டது, உரியவரிடம் அனுமதி பெறப்பட்டதா என்ற ஐந்துக்கும் உறைக்குறிப்பில் விடை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். விடை இல்லாத தொகுப்பில் எத்தனை அருமையான பாட்டு இருந்தாலும், அது பெற்றவர் பெயர் சொல்லாமல் பிள்ளையை ஊருக்குக் காட்டுவதைப் போன்றது.

இதை நான் பிறரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. 1980-களில் மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் நான். வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார். அறுபது நிமிட கேசட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு அடங்கும். எது முதலில் வரவேண்டும், எந்தப் பாட்டோடு பக்கம் முடியவேண்டும் என்பதை நாங்கள்தான் தீர்மானிப்போம். அட்டையில் படத்தின் பெயரையும் பாடகரின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாட்டின் முதுகெலும்பாக இருந்த கிதாரை வாசித்தவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தட்டின் லேபிளிலும் அது இருந்ததில்லை. உரிமை யாருடையது என்றும் யோசித்ததில்லை. ஆயிரக்கணக்கான கேசட்டுகள் அப்படிப் பெயரில்லாமல் என் கையிலிருந்து போயின. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு என்பதால்தான் உறையைப் படிக்கச் சொல்கிறேன்.

தொடங்க வேண்டிய இடம் பற்றி எனக்கு ஐயம் இல்லை. 1972-இல் அமெரிக்காவின் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'நகட்ஸ்' என்ற இரட்டை எல்.பி., அதாவது இரண்டு பெரிய தட்டுகள் கொண்ட தொகுப்புதான் அது. எலெக்ட்ராவை நிறுவிய ஜாக் ஹோல்ஸ்மன் கேட்டுக்கொண்டதன் பேரில், நியூயார்க்கில் பழைய தட்டுகள் விற்கும் கடையில் வேலை செய்துகொண்டு இசைக் கட்டுரைகளும் எழுதிவந்த லென்னி கே என்ற இளைஞர் அதைத் தொகுத்தார். பிற்காலத்தில் பாட்டி ஸ்மித் என்ற ராக் பாடகியின் குழுவில் கிதார் வாசித்தவர் அவரே. 27 பாடல்கள். பெரும்பாலும் 1965-க்கும் 1968-க்கும் இடைப்பட்டவை. அதாவது தொகுக்கும்போது அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வயது நான்கு முதல் ஏழு ஆண்டுகள்தான். அதற்குள்ளாகவே அவற்றில் பல, கடைகளில் கிடைக்காத, வானொலியில் ஒலிக்காத, மறக்கப்பட்ட பாடல்களாகியிருந்தன.

ஏன் அப்படி ஆயின என்பதைப் புரிந்துகொண்டால் 'வட்டாரம்' என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்பதும் விளங்கிவிடும். அன்றைய அமெரிக்காவில் ஒவ்வொரு பெருநகரத்தையும் சுற்றிச் சிறு சிறு தட்டு நிறுவனங்கள் இருந்தன. பள்ளி முடித்த நான்கைந்து பையன்கள் காரை நிறுத்தும் கொட்டகையில் பயிற்சி செய்து, உள்ளூர் ஸ்டுடியோவில் இரண்டு பாட்டுப் பதிவு செய்து, நாற்பத்தைந்து சுற்றுத் தட்டாகச் சில நூறு பிரதிகள் போடுவார்கள். உள்ளூர் வானொலி நிலையம் அதை ஒலிபரப்பினால் அந்த நகரத்தில் அது பெரிய வெற்றி. இருநூறு மைல் தாண்டினால் அந்தப் பெயரையே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். டெக்சாஸின் 'தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்', லாஸ் ஏஞ்சலீஸின் 'எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ்' ஆகியோரையும் வேறு ஊர்க் குழுக்களையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைத்தபோதுதான், தனித்தனியாகக் கிடந்தவை ஒரு காலத்தின் குரல் என்பது புலப்பட்டது. 'முதல் சைக்கடெலிக் யுகம்' என்று அந்தத் தட்டின் உறையில் எழுதியவர் தொகுப்பாளர். பாடிய பையன்களில் பெரும்பாலோர் தங்களை அப்படி நினைத்துக்கொண்டதில்லை. தொகுப்பு என்பது ஒரு வாதம் என்று நான் சொல்வது இதனால்தான். லென்னி கே தம் வாதத்தை மறைக்கவில்லை; ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு எழுதி, ஏன் இதைச் சேர்த்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த இரட்டைத் தட்டை நான் முதலில் கேட்டது என் கடையில்தான். அமெரிக்கன் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், தம் ஆசிரியர் ஊர் திரும்பும்போது விட்டுச்சென்றது என்று சொல்லிப் பதிவுக்குக் கொண்டுவந்தார். தொண்ணூறு நிமிட நாடாவில் அதை ஏற்றியபோது எனக்கு வியப்பாக இருந்தது கிதாரின் கரகரப்பு மட்டுமல்ல. ஃபஸ் என்று அவர்கள் சொல்லும் அந்த ஒலி, அளவுக்கு மீறி முறுக்கிவிட்ட நம் குழாய் ஸ்பீக்கரின் ஒலியாகவே என் காதில் விழுந்தது. திருவிழாவில் நாம் பழகிப்போன ஒலியை அவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கியிருக்கிறார்கள் என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது.

ரைனோ நிறுவனம் 1998-இல் நகட்ஸை நான்கு குறுந்தகடுகளாக, 118 பாடல்களோடு விரித்து வெளியிட்டது. 2001-இல் வந்த இரண்டாம் தொகுப்பு பிரிட்டனையும் அதற்கு அப்பாலுள்ள நாடுகளையும் எடுத்துக்கொண்டது. பிரேசிலின் 'ஓஸ் முடான்டெஸ்', ஜப்பானின் 'மாப்ஸ்' போன்ற குழுக்கள் அதில்தான் பலருக்கும் அறிமுகமாயின. வட்டாரத்தை இன்னும் நெருங்கிப் பார்க்க விரும்பினால், கிரெக் ஷா 1978 முதல் வெளியிட்ட 'பெபிள்ஸ்' வரிசையையும், அதை அடுத்து அவர் கொண்டுவந்த 'ஹைஸ் இன் தி மிட்-சிக்ஸ்டீஸ்' வரிசையையும் தேடுங்கள். பின்னது 23 தட்டுகள் கொண்டது. டெக்சாஸ், மிச்சிகன், சிகாகோ என்று பெரும்பாலும் நிலப்பகுதி வாரியாகவே பிரிக்கப்பட்டது. மதுரைப் பக்கத்துக்கு ஒன்று, நெல்லைப் பக்கத்துக்கு ஒன்று என்று நாட்டுப்பாடல்களைத் தொகுத்தால் எப்படியிருக்குமோ அப்படி. ஆனால் இந்த வரிசைகளில் நான் மேலே சொன்ன ஐந்து கேள்விகளில் அனுமதி, மூலம் ஆகிய இரண்டுக்கும் திருப்தியான விடை கிடைக்காது. பெபிள்ஸின் தொடக்கத் தட்டுகளில் அச்சிடப்பட்ட வெளியீட்டாளர் முகவரியே கற்பனை முகவரி. பிரிட்டனுக்கு ஃபில் ஸ்மீ தொகுத்த 'ரப்பிள்' வரிசை இருபது தட்டுகள். நேரம் இருக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் சிம்லா சிகரெட்டை விளம்பரப்படுத்துவதற்காக அனைத்திந்திய அளவில் 'சிம்லா பீட்' என்ற போட்டியை நடத்தியது. பல நகரங்களின் இளைஞர் குழுக்கள் பம்பாயில் கூடி வாசித்தன. அந்தப் போட்டியின் குழுக்களைக் கொண்டு 'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' என்று இரண்டு எல்.பி.கள் வந்தன. சென்னையின் 'கன்ஃபியூஷன்ஸ்', ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' முதலிய குழுக்களின் குரலும் கிதாரும் இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பது அந்த இரண்டு தட்டுகளால்தான். அவை அன்றைக்கே அந்தந்த ஆண்டில் வந்த தட்டுகள். பின்னாளில் ஒருவர் தேடித் திரட்டியவை அல்ல. அதனால் நகட்ஸை மதிப்பிடும் அளவுகோலால் இவற்றை அளப்பது சரியல்ல. ஒரு தொகுப்பாளரின் வாதம் இதில் இல்லை. போட்டியில் வென்றவர்களின் வரிசை இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து இரண்டும் சேர்ந்து வெளிநாட்டில் மறுபதிப்பாகி, உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் பெயர் பெற்றன.

இந்தத் தட்டுகளைக் கேட்டால், வாசிப்பில் துடிப்பு இருப்பதை மறுக்க முடியாது. அதே சமயம் பாட்டுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மேல்நாட்டுக் குழுக்களின் பாட்டுகளை எடுத்துப் பாடியவையும் கலந்திருக்கின்றன. தமிழோ ஷில்லாங் பக்கத்துக் காசி மொழியோ கன்னடமோ அங்கே நுழையவில்லை. இதை அந்த இளைஞர்களின் குறையாக நான் கருதவில்லை. போட்டியின் விதி என்ன கேட்கிறதோ அதையே பாடகன் கொடுப்பான். துருக்கியைப் பாருங்கள்: அங்கே ஹுரியெத் நாளிதழ் 1965 முதல் 1968 வரை 'அல்தின் மிக்ரோஃபோன்', அதாவது தங்க மைக் என்ற போட்டியை நடத்தியது. மேல்நாட்டுக் கருவிகளையும் முறைகளையும் பயன்படுத்தலாம், ஆனால் பாட்டு துருக்கியப் பாட்டாக இருக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். எலெக்ட்ரிக் கிதாரோடு கிராமத்துப் பாடல்களைத் தேடி இளைஞர்கள் போனார்கள். அனடோலிய ராக் என்று இன்று உலகம் கொண்டாடும் இசை வளர்ந்ததில் அந்தப் போட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. எர்கின் கொராய், பாரிஷ் மன்சோ, ஜெம் கராஜா, மொகொல்லார் ஆகிய பெயர்களைத் தேடிக் கேளுங்கள். நம் ஊர்ப் போட்டியிலும் அப்படி ஒரே ஒரு விதி இருந்திருந்தால், 1970-இல் ஒயிலாட்டத்தின் தாளத்தில் எலெக்ட்ரிக் கிதார் கேட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். துருக்கியத் தொகுப்புகளை வாங்கும்போது இந்தப் போட்டியைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்; எழுதாதவர்கள் ஒலியின் விசித்திரத்தை மட்டுமே விற்பவர்கள்.

நம்பிக்கை என்ற கேள்விக்கு மிக ஆழமான பாடம் கம்போடியாவில் இருக்கிறது. 1994-இல் சுற்றுலாப் பயணியாகச் சியெம் ரீப் சென்ற பால் வீலர் என்ற அமெரிக்கர் அங்கே வாங்கிய கேசட்டுகளிலிருந்து பாடல்களைத் தேர்ந்தெடுத்தார். பேரலல் வேர்ல்டு நிறுவனம் அவற்றைக் 'கம்போடியன் ராக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. 1996-இல் வந்த குறுந்தகட்டில் 22 பாடல்கள். பாடகர் பெயர் இல்லை. பாட்டின் பெயரும் இல்லை. கேட்டவர்கள் மயங்கினார்கள், அந்த மயக்கத்தில் நானும் இருந்தேன். ஆனால் அந்தக் குரல்கள் யாருடையவை? சின் சிசமுத், ரோஸ் செரெய்சொதியா, பென் ரன் போன்றவர்களுடையவை. நாடே அறிந்த நட்சத்திரங்கள் அவர்கள். 1975 ஏப்ரல் 17-இல் தலைநகர் நோம் பென் க்மெர் ரூஜ் என்ற கம்யூனிசப் படையின் கையில் விழுந்தது. அடுத்த நான்கு ஆண்டுக்குள் அந்தப் பாடகர்களில் பலர் மாண்டார்கள். மக்கள் உயிரைப் பணயம் வைத்து மறைத்துக் காத்த தட்டுகளின் பிரதிகளுக்குப் பிரதியாக அந்தப் பாடல்கள் எஞ்சின. ஒருமுறை உயிரோடு அழிக்கப்பட்டவர்களின் பெயர், இரண்டாம் முறை உறையிலிருந்தும் அழிந்துபோனது. பின்னர் கம்போடியர்களும் ஆர்வலர்களும் பாட்டுப் பாட்டாக அடையாளம் கண்டு பெயர்களை மீட்டார்கள். ஜான் பிரோஸ்ஸி 2014-இல் எடுத்த ஆவணப்படம் அந்த இசைக்காரர்களின் வாழ்க்கையை உரிய மரியாதையோடு முன்வைத்தது. இன்று நீங்கள் அந்தத் தொகுப்பைக் கேட்பதானால், முதலில் பெயர்ப் பட்டியலைத் தேடி எடுத்துத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் அப்படித்தான் மறுபடி கேட்டேன். அதே பாடல்கள் முற்றிலும் வேறாக ஒலித்தன.

இதற்கு நேர்மாறாக, ஒரு தொகுப்பு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால் ஜாம்பியாவைக் காட்டுவேன். 2017-இல் நவ்-அகெய்ன் நிறுவனம் 'வெல்கம் டு ஜாம்ராக்' என்று இரண்டு பகுதிகளாக வெளியிட்ட தொகுப்போடு ஒரு புத்தகமே வருகிறது. அதை எழுதியவர்களில் லியனார்டு கொலோகோ அந்நாட்டுக்காரர். 1964-இல் விடுதலை பெற்ற நாடு, செம்புச் சுரங்கப் பகுதியில் புழங்கிய பணம், சுரங்க நகரத்து இளைஞர்கள் கையில் எலெக்ட்ரிக் கிதார், 1970-களின் நடுவில் செம்பு விலை சரிந்ததும் குழுக்கள் கலைந்தது, பிறகு எய்ட்ஸ் நோய் அந்தத் தலைமுறையையே வாரிக்கொண்டுபோனது என்று ஒவ்வொன்றும் அங்கே காரண காரியத்தோடு சொல்லப்படுகிறது. 'விட்ச்' குழுவில் எஞ்சிய இமானுவேல் ஜகாரி சாண்டா, ரத்தினக்கல் தோண்டிப் பிழைத்துவந்தவர், மறுபதிப்புகளுக்குப் பிறகு மீண்டும் மேடையேறி உலகம் சுற்றினார். பாட்டுக்காரனைத் தேடிப்போய்க் கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நைஜீரியாவுக்கு உச்சென்னா இக்கோன்னே எழுதித் தொகுத்த 'வேக் அப் யூ' (2016) இதே தரத்தில் வைக்கத்தக்கது. பியாஃப்ரா போர் என்ற உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு எழுந்த இசையை அந்நாட்டவரே எடுத்துச் சொல்கிறார்.

பெருவுக்கு 'தி ரூட்ஸ் ஆஃப் சிச்சா' (2007) போதும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஒலிவியே கொனான் தொகுத்தது. அமேசான் காட்டு நகரங்களிலும் லிமாவிலும் கும்பியா என்ற தென்னமெரிக்க நடனத் தாளத்தின் மேல் ஃபஸ் கிதார் ஓடும் இசை அது. தாய்லாந்துக்கு 'தி சவுண்ட் ஆஃப் சயாம்' (2010). கிறிஸ் மெனிஸ்டும், பாங்காக்கிலேயே தட்டுக்கடை வைத்திருந்த மாஃப்ட் சாயும் சேர்ந்து செய்தது. நாட்டுப்புறப் பாடகர் மெட்டு மாறாமல் எலெக்ட்ரிக் கருவிகளை ஏற்றுக்கொண்ட விதத்துக்காக நம்மவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் கேட்கவேண்டும்.

தமிழுக்கு ஏன் அப்படி ஒரு தொகுப்பு இல்லை என்று நீங்கள் கேட்கலாம். நம்மிடம் அந்த ஒலி இல்லாமல் இல்லை. அது வேறு வீட்டில் குடியிருந்தது. மேல்நாட்டில் தனிக் குழுவாக நின்று தட்டு வெளியிட்டிருக்கக்கூடிய கிதார்காரரும் ஆர்கன்காரரும் டிரம்ஸ்காரரும் சென்னையில் சினிமாப் பதிவுக்கூடங்களுக்குப் போனார்கள். வாசித்த வேலைக்கு ஊதியம் அங்கேதான் கிடைத்தது. கேளிக்கை விடுதிக் காட்சியிலும், கனவுக் காட்சியிலும், பேய்க் காட்சியிலும் எம்.எஸ். விஸ்வநாதன் போன்ற இசையமைப்பாளர்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். சினிமாவுக்கு வெளியே மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் 1969-இல் உஷா உதுப் பாடத் தொடங்கியதைப் போன்ற மேடைகள் இருந்தன. அந்த மேடைகளின் இசை தட்டாக மதுரைக்கு வந்து சேரவில்லை. நமக்கு வந்தது சினிமாப் பாடல்களின் சிறு தட்டான இ.பி.தான். அதில் நான்கு நிமிடப் பாட்டின் நடுவே இருபது வினாடிக்கு ஒரு கிதார் வெறிகொண்டு ஓடி நின்றுவிடும். லேபிளில் படம், இசையமைப்பாளர், கவிஞர், பாடகர். அந்த இருபது வினாடியின் சொந்தக்காரர் பெயர் இராது.

வெளிநாட்டார் இதைக் கவனித்துவிட்டார்கள். பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 'சொல்ல சொல்ல' என்ற பெயரில் இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடைகளில் பாடித் திரிந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்ற ஒருவரை, எலெக்ட்ரானிக் பாப் என்ற ஒற்றைச் சன்னல் வழியாகக் காட்டுகிறது அந்தத் தட்டு. அதன் துணைத்தலைப்பே அதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதால் ஏமாற்று என்று கூறமாட்டேன். சிந்தஸைசரும் பேஸ் கிதாரும் முன்னே நிற்கும் பாடல்களைச் சேர்த்துக் கேட்கும்போது நாம் அறிந்த பாட்டிலேயே நாம் கவனிக்காத அடித்தளம் தெரியவருகிறது. அது அந்தத் தொகுப்பின் வெற்றி. ஆனால் அதே ஆண்டுகளில் அவர் உறுமியையும் பம்பையையும் எலெக்ட்ரிக் பேஸோடு எப்படி இணைத்தார் என்பது அந்தச் சன்னலில் தெரியாது. அதைச் சொல்லும் தொகுப்பை இந்த மண்ணில் வளர்ந்த காதுதான் செய்ய முடியும்.

இங்கே 'சைக்கடெலிக்' என்ற சொல்லைப் பற்றியும் எச்சரிக்கிறேன். மேல்நாட்டுக் காதுக்கு சிதாரும், ஒரே சுருதியில் நீளும் ஆர்கனும் மயக்கம் தரும் புதுமை. தம்புராவையும் நாகசுர ஒத்தையும் பிறந்ததிலிருந்து கேட்பவனுக்கு அவை மயக்கமல்ல, நிலைப்பு. ஆகவே வெளிநாட்டுத் தொகுப்பாளர் நம் பாட்டு ஒன்றை அந்தப் பெயரில் சேர்க்கும்போது, பெரும்பாலும் அவருக்கு அது எப்படிக் கேட்டது என்பதைத்தான் சொல்கிறார். நீங்கள் தொகுத்தால் அந்தச் சொல்லை எதிரொலி, ஃபஸ், நாடாவைப் பின்னோக்கி ஓட்டுதல் போன்ற செயல்முறைகளை வேண்டுமென்று கையாண்ட பாடல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தாத்தாவின் பெட்டிகள். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை அறியாமல் பலர் பாதி வேலை செய்துவிட்டு நிறுத்துகிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வெளிவந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு முடிந்தது. 1970-இல் வந்ததற்கு 2030 முடியும் வரை உண்டு. பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை இருக்கிறது. அது படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே உங்கள் பெட்டியில் உள்ள பெரும்பாலானவற்றை அனுமதியின்றி வெளியிட முடியாது. ஆனால் கணக்கெடுப்பதற்கும், யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று கண்டறிவதற்கும் எந்தத் தடையும் இல்லை. முதல் மூன்று ஆண்டு வேலை அதுதான்.

பெட்டியைத் திறந்ததும் கனமான, எளிதில் உடையும் எழுபத்தெட்டு சுற்றுத் தட்டுகளையும், வளையும் தன்மையுள்ள இ.பி., எல்.பி.களையும் தனியே பிரியுங்கள். முன்னவை அரக்கில் செய்தவை. தச்சர் மரத்துக்குப் பாலிஷ் போட அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில் என்பதை நினைவில் வையுங்கள். கிருமி போகட்டும் என்று யாராவது ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால் பாட்டு கரைந்துபோகும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியும் போதும், லேபிள் நனையக்கூடாது. முள்ளும் வேறு: எழுபத்தெட்டு சுற்றுத் தட்டின் பள்ளத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அகலமுள்ள முனை வேண்டும், எல்.பி. முள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்ளேதான். மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். நம் ஊர் வெயிலில் தட்டுகளைப் படுக்கையாக அடுக்கினால் வளைந்துவிடும். நிற்க வையுங்கள், ஓட்டு வீடானாலும் மச்சில் வைக்காதீர்கள். கணினியில் ஏற்றும்போது இரைச்சலை நீக்காத மூலப் பிரதி ஒன்றை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் எடுத்து அப்படியே விட்டுவிடுங்கள். திருத்துவதெல்லாம் அதன் நகலில்தான்.

ஒவ்வொரு தட்டுக்கும் லேபிளில் அச்சான எண்ணை மட்டுமின்றி, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் இருக்கும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பாட்டின் இரு வேறு பதிப்புகளைப் பிரித்தறிய அந்த எண்ணே உதவும். பிறகு உங்கள் தாத்தாவோடு வேலை செய்தவர்கள் யாராவது உசிலம்பட்டி, செக்கானூரணி, வாடிப்பட்டி வட்டாரத்தில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். எந்தப் பாட்டு எந்த ஊர்க் கல்யாணத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது, எதைப் போட்டால் இளவட்டங்கள் கூடினார்கள், எதைப் பெரியவர்கள் நிறுத்தச் சொன்னார்கள் என்பது எந்த நிறுவனத்தின் பதிவேட்டிலும் இல்லை. கம்போடியாவில் இழந்ததும் ஜாம்பியாவில் மீட்டதும் அந்த வகைச் செய்திதான். பதிவுக்கூடங்களில் வாசித்த கலைஞர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடுவது அதற்கு அடுத்த வேலை. சென்னையில் திரையிசைக் கலைஞர்கள் சங்கம் இருக்கிறது, அங்கே மூத்த உறுப்பினர்களிடம் பாட்டைப் போட்டுக் காட்டிக் கேட்கலாம். ஒரு கிதார்காரர் தம் இருபது வினாடியைக் கேட்ட உடனே அடையாளம் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. ரேடியோ செட்காரர்கள் தட்டு மாறிப்போகாமல் இருக்க உறையிலும் லேபிளிலும் கடைப் பெயரை ரப்பர் ஸ்டாம்பால் குத்துவார்கள், வரிசை எண்ணைப் பெயிண்டால் எழுதுவார்கள், சிலர் வாங்கிய தேதியையும் விலையையும் பென்சிலில் குறிப்பார்கள். பழைய தட்டு வியாபாரிகள் அதை அழுக்கு என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். சுத்தம் செய்கிறேன் என்று நீங்களும் அதைத் துடைத்துவிடாதீர்கள். தட்டைக் கழுவுவதற்கு முன் லேபிளின் இரு பக்கத்தையும் உறையின் இரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள். படங்கள் தயாரானதும் முதல் ஐம்பது தட்டின் பட்டியலை எனக்கு எழுதுங்கள். எந்தத் தட்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று லேபிளின் நிறத்தையும் எண்ணையும் வைத்து இருவரும் சேர்ந்து வரிசைப்படுத்தலாம்.